அத்தியாயம் 7: எனாமல் பொடிக்குப்பி – முத்திரையைக் கடைசியில் படியுங்கள்

மலாக்கா ஜோங்கர் தெருவின் பழம்பொருள் கடைகளில், கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன மூக்குப்பொடிக் குப்பிகள் வரிசையாக நிற்கும். மூடியில் பவளம்போல ஒரு சிவப்புக் குமிழ், உடம்பில் பூவும் பறவையும், அடியில் நான்கு சீன எழுத்தில் ஒரு முத்திரை. கையில் எடுத்தால் போதும், “லாமா பூஞ்யா, சியென்லுங்” என்பார் கடைக்காரர். பழசு, சியென்லுங் சக்கரவர்த்தி காலத்தது என்று பொருள். விலை ஐம்பது வெள்ளியும் இருக்கலாம், ஐயாயிரமும் இருக்கலாம். அந்தக் குப்பி எந்தக் காலத்தது, எந்தப் பட்டறையில் பிறந்தது என்பதை நீங்களே ஓரளவு கண்டுகொள்ளத்தான் இந்த அத்தியாயம்.

ஆசையை முதலிலேயே அடக்கிவிடுகிறேன். சீன அரண்மனைப் பட்டறையில் செய்த எனாமல் குப்பி இந்தத் தெருவில் உங்கள் கைக்குச் சிக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. அவற்றில் சிறந்தவை பெய்ஜிங், தைப்பே அரண்மனை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. தனியாரிடம் இருப்பவை எப்போதாவது ஏலத்துக்கு வரும். 2011இல் ஹாங்காங்கில் சியென்லுங் காலத்து எனாமல் கண்ணாடிக் குப்பி ஒன்று 2.5 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டி விலைபோனது. பிறகு ஏன் இதைப் படிக்க வேண்டும்? அரண்மனை வேலை எப்படியிருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான், எது 19ஆம் நூற்றாண்டின் நல்ல குப்பி, எது போன வருஷம் கப்பலில் வந்து இறங்கியது என்று பிரிக்க முடியும். அந்த 19ஆம் நூற்றாண்டுக் குப்பி மலாக்காவில் கிடைக்கக்கூடியது, வாங்கத் தகுந்தது, அழகும்கூட.

யார் செய்தார்கள், எப்போது

மூக்குப்பொடியைச் சீனாவுக்குக் கொண்டுபோனவர்கள் ஐரோப்பியர்கள். 1511 முதல் 1641 வரை மலாக்காவை ஆண்ட போர்த்துக்கீசியர்களே மக்காவிலும் கடைவிரித்திருந்தார்கள். 1684இல் காங்சி சக்கரவர்த்தி நான்கிங் வந்தபோது, இயேசு சபைத் துறவிகள் வைத்த காணிக்கைகளில் பொடியை மட்டும் எடுத்துக்கொண்டாராம். நம்மவர்கள் பொடியை வாழை மட்டையில் மடித்தோ தகர டப்பியில் அடைத்தோ இடுப்பில் செருகிக்கொண்டார்கள். சீனத்து அரண்மனையிலோ அது இறுக மூடிய குப்பிக்குள் போனது. மூடியின் அடியில் பொருத்திய சிறு கரண்டியால் எடுத்து, விரலில் வைத்து உறிஞ்சுவார்கள்.

1696இல் கிலியன் ஸ்டும்ப் என்ற ஜெர்மானியத் துறவியின் மேற்பார்வையில் அரண்மனைக் கண்ணாடிப் பட்டறை தொடங்கியது. எனாமல் வேலையும் அந்த ஆண்டுகளில்தான் அரண்மனைக்குள் வேர்பிடித்தது. ஐரோப்பிய எனாமல்மேல் காங்சிக்குப் பெரிய மோகம். ஓவியத் துறவிகள் ரிப்பாவையும் காஸ்டிக்லியோனேயையும் எனாமல் வரையச் சொல்லி உட்காரவைத்தார். அந்தப் பட்டறையில் காலமெல்லாம் கிடக்க விருப்பமில்லாமல், வேண்டுமென்றே மோசமாக வரைந்து தப்பித்தோம் என்று ரிப்பாவே எழுதி வைத்திருக்கிறார்.

இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: காங்சி 1662–1722, யோங்செங் 1723–1735, சியென்லுங் 1736–1795, ஜியாசிங் 1796–1820, தாவ்குவாங் 1821–1850, சியென்ஃபெங் 1851–1861, தோங்ஜி 1862–1874, குவாங்சு 1875–1908. சியென்லுங்கும் சியென்ஃபெங்கும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். கடைக்காரர் சொல்லும்போது எந்தச் சியென் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உடம்பு

எனாமல் என்பது உலோக ஆக்சைடு கலந்து நிறமேற்றிய கண்ணாடித் தூள். அதைப் பூசி, சூளையில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. செம்பா, கண்ணாடியா, பீங்கானா?

செம்பை அடையாளம் காணத் தோட்டத்து வீட்டு அனுபவமே போதும். லயத்து அடுப்படியில் இருந்த வெள்ளை எனாமல் குவளையை நினைத்துப் பாருங்கள். நீல விளிம்பு, பிடிக்குப் பக்கத்தில் ஒரு சில்லு பெயர்ந்த இடம், அந்த இடத்தில் கருப்பாக இரும்பு, சுற்றிலும் துரு. பொடிக்குப்பியில் சில்லு பெயர்ந்தால் இரும்புக்குப் பதில் செம்பு தெரியும். செந்நிறமாகவோ பச்சைக் களிம்பு பிடித்தோ இருக்கும். சில்லே இல்லாத குப்பியில் வாய் விளிம்பையும் அடிவளையத்தையும் பாருங்கள். அங்கே எனாமல் ஏறாமல் பொன்முலாம் பூசிய செம்பு வெளியே தெரியும். முலாம் தேய்ந்து அடியில் செம்பு எட்டிப்பார்த்தால் நல்லது. சந்துபொந்தெல்லாம் ஒரே பளபளப்பு என்றால் சந்தேகப்படுங்கள்.

கண்ணாடிக் குப்பி ஏமாற்றும். பால்வெள்ளைக் கண்ணாடியைப் பீங்கான் என்று நினைப்பவர்கள் உண்டு. கைப்பேசி விளக்கை வாய்ப்பக்கம் வைத்துப் பார்த்தால் கண்ணாடி உள்ளிருந்து கசிவதுபோல ஒளிரும், சிலவேளை காற்றுக் குமிழும் தெரியும். மூன்றிலும் கடினமான வேலை இதுதான். எனாமல் உருகும் சூட்டுக்கும் குப்பியே இளகும் சூட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கொஞ்சம் கூடினால் குப்பி கோணிவிடும், கொஞ்சம் குறைந்தால் நிறம் ஒட்டாது. எனாமல் கண்ணாடிக் குப்பிகள் அரிதானதற்கும் ஏலத்தில் எகிறுவதற்கும் இதுவே காரணம்.

பீங்கானில் இந்தத் தொல்லை இல்லை. உடம்பு ஏறத்தாழ 1300 டிகிரியில் வெந்து முடிந்துவிடும். மேலே வரையும் எனாமலைப் பிறகு அதைவிட மிகக் குறைந்த சூட்டில் சுட்டெடுப்பார்கள். காலக்கணிப்புக்கு இதிலிருந்து ஒரு பயனுள்ள விதி கிடைக்கிறது. பீங்கான் பொடிக்குப்பி பெருவாரியாகப் புழக்கத்துக்கு வந்தது சியென்லுங் ஆட்சியின் பின்பகுதியிலிருந்துதான். அதற்கு முன் அரண்மனை எனாமல் என்றால் செம்பு அல்லது கண்ணாடி. ஆகவே காங்சி முத்திரையோடு வண்ணப் பீங்கான் குப்பி ஒன்றை நீட்டினால் பேரம் பேச வேண்டியதில்லை, கீழே வைத்துவிடலாம். யோங்செங் முத்திரையோடு நீலமும் செந்நிறமும் மெருகுக்கு அடியில் தீட்டிய உருளைக் குப்பிகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. அவை நம் எனாமல் கணக்கில் வராதவை, பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

இளஞ்சிவப்பைப் படிக்க மலாக்காவைவிட நல்ல இடமில்லை

எனாமல் காலக்கணிப்பில் அதிகம் பேசும் நிறம் இளஞ்சிவப்பு. அது தங்கத்திலிருந்து வருவது. தங்கத்தைக் கரைத்து மிக நுண்ணிய துகளாக்கி எனாமலில் கலந்தால் ரோஜா நிறம் கிடைக்கும். காங்சி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில்தான் இது சீன எனாமலில் தலைகாட்டுகிறது. கூடவே ஈயமும் ஆர்செனிக்கும் சேர்ந்த, ஒளி ஊடுருவாத வெள்ளையும் வந்தது. இந்த வெள்ளையை அடியில் போட்டு மேலே இளஞ்சிவப்பை இழைத்தால் பியோனி இதழ் விளிம்பில் வெளுத்து நடுவில் கறுத்துச் சிவக்கும். அதற்கு முந்திய சீன மேற்பூச்சுகள் கண்ணாடிபோலத் தெளிந்த பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ நிறம், காவி. இழைத்து நிழல் காட்டும் வித்தை அவற்றில் இல்லை.

இதைப் புத்தகப் படத்தில் பார்த்துக் கற்க முடியாது, பொருளில்தான் பார்க்க வேண்டும். நமக்கு அதற்கொரு வசதி உண்டு. நியோன்யா பீங்கான் என்று சொல்லும் பாபா-நியோன்யா வீட்டுப் பாண்டங்கள், சீனத்து ஜிங்தேஜென் சூளைகளில், இதே இளஞ்சிவப்பு எனாமல் குடும்பத்து நிறங்களில், நம் நீரிணைச் சீனர்களுக்கென்றே செய்து அனுப்பப்பட்டவை. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகள் வரை. பீனிக்ஸ் பறவையும் பியோனியும், பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள் தளமும், மூடி போட்ட கம்செங் ஜாடியும் அவற்றின் அடையாளம். ஜாலான் துன் தான் செங் லோக்கில் உள்ள பாபா நியோன்யா மரபு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு நடந்தே போய்விடும் தூரம்தான். மலாக்காச் செட்டிகள் வாழும் காஜா பேராங் கம்போங் சிட்டிப் பக்கம் உறவினர் இருந்தால், அவர்கள் பாட்டி வீட்டு அலமாரியையும் ஒருமுறை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். பாபாக்களோடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய குடும்பங்கள் அவை.

இந்தப் பாண்டங்களை வாங்கிய செல்வத்தில் ஒரு பங்கு ரப்பரிலிருந்து வந்தது. மலாக்கா பாபா தான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. அந்தத் தொழிலில் மங்கு துடைத்துப் பாலெடுத்தவர்கள் நம்மவர்கள். கம்செங் ஜாடியைக் காட்சிப்பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கிற தமிழருக்கு அது முற்றிலும் அந்நியப் பொருள் அல்ல.

கண்ணைப் பழக்க ஒரு வழி சொல்கிறேன். முதலில் அருங்காட்சியகத்துப் பாண்டத்தில் இளஞ்சிவப்பு எவ்வளவு தடித்திருக்கிறது, இதழில் தூரிகை எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு வெளியே வந்து, ஜோங்கர் தெருவில் இன்றைக்கு விற்கும் புது நியோன்யா நகல் ஒன்றை நகைக்கடையில் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸால் பாருங்கள். நிறம் புள்ளி புள்ளியாக, பத்திரிகைப் படம்போலத் தெரிந்தால் அது அச்சுத்தாள் ஒட்டிச் சுட்டது. கையால் வரைந்த கோட்டில் தூரிகை தொட்ட இடம் தடித்தும் விட்ட இடம் மெலிந்தும் இருக்கும். தங்கக் கோட்டையும் கவனியுங்கள். பழைய பொன் மங்கலாக, தொட்ட இடங்களில் தேய்ந்து இருக்கும். புதுத் திரவப் பொன் கண்ணாடிபோல மின்னும். இந்த இரண்டு சோதனைகளில் சந்தையிலுள்ள பொடிக்குப்பிகளில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

இன்னொரு தடயம், விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். ஈயம் கலந்த பழைய எனாமலைச் சுற்றி, மெருகின்மேல், எண்ணெய்ப் படலம்போல ஒரு வானவில் வளையம் படர்ந்திருக்கும். இருந்தால் குப்பிக்குச் சாதகம். இல்லையென்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

எந்தப் பட்டறை

‘அரண்மனைக் குப்பி’ என்று ஒரே மூச்சில் சொல்வதில் மூன்று சங்கதிகள் கலந்துகிடக்கின்றன. பெய்ஜிங் அரண்மனைப் பட்டறையில் செய்தது ஒன்று. குவாங்சோவிலோ ஜிங்தேஜென்னிலோ செய்து அரண்மனைக்கு அனுப்பியது ஒன்று. அரண்மனைப் பாணியில் தனியார் பட்டறை செய்து வெளியே விற்றது மூன்றாவது. குவாங்சோவின் எனாமல்காரர்கள் சிலர் பெய்ஜிங்குக்கே அழைத்துச் செல்லப்பட்டார்கள், ஆகவே கையை வைத்து ஊரைச் சொல்வது நிபுணர்களுக்கே தகராறு. ஐரோப்பியப் பெண்ணும் குழந்தையும் வரைந்திருப்பதைப் பார்த்ததும் ‘ஏற்றுமதிச் சரக்கு’ என்று முடிவுகட்ட வேண்டாம். சியென்லுங் அரண்மனையே அந்தக் காட்சிகளை விரும்பிக் கேட்டது.

காலத்துக்கேற்ற ருசியும் உதவும். அச்சில் அழுத்திப் புடைத்தெடுத்த பீங்கான் குப்பி, சிங்கங்களோ பதினெட்டு அருகதர்களோ உடம்பைச் சுற்றி நெருங்கி நிற்பது, சியென்லுங் கடைசியிலும் ஜியாசிங் காலத்திலும் ஓங்கியது. வெட்டுக்கிளி, சில்வண்டு, பெக்கினீஸ் நாய்க்குட்டி என்றால் தாவ்குவாங்கை நினையுங்கள். 1850களில் தைப்பிங் கிளர்ச்சியில் ஜிங்தேஜென் சூளைகள் நாசமாயின; தோங்ஜி காலத்தில்தான் அரசுச் சூளை மீண்டும் எழுந்தது. சியென்ஃபெங் முத்திரையுள்ள நல்ல பொருள் அரிது என்பது இதனால்தான்.

பட்டறை சொல்வதில் எவ்வளவு பெரியவர்களும் தடுக்கி விழலாம் என்பதற்கு ஒரு கதை உண்டு. ‘கு யுவே சுவான்’, பழநிலா மண்டபம் என்ற முத்திரையோடு பால்வெள்ளைக் கண்ணாடியில் எனாமல் தீட்டிய குப்பிகள் சேகரிப்பாளர்களிடையே பெரும் புகழ் பெற்றவை. அந்த முத்திரை சியென்லுங் காலத்தது என்பது சரி. ஆனால் 1930களில் பெய்ஜிங்கில் யே பெங்ச்சி என்ற கலைஞர், குப்பிக்குள் ஓவியம் தீட்டும் புகழ்பெற்ற யே குடும்பத்தவர், அதே முத்திரையோடும் சியென்லுங் முத்திரையோடும் எனாமல் கண்ணாடிக் குப்பிகளைச் செய்தார். அவை மேற்கு நாட்டுச் சேகரங்களில் 18ஆம் நூற்றாண்டு அரண்மனை வேலை என்றே பல்லாண்டுக் காலம் குந்தியிருந்தன. பின்னால் ஹியூ மாஸ் போன்ற ஆய்வாளர்கள் ஒரே கையின் சாயலைப் பல குப்பிகளில் கண்டு பிரித்தெடுத்தார்கள். யே பெங்ச்சியின் சீடர் வாங் சிசானும் அந்த வித்தையைத் தொடர்ந்தார். இன்றைக்கு யே பெங்ச்சியின் குப்பி என்று உறுதியானால் அதற்கே தனி மதிப்பு. பெயரை மாற்றியதும் குப்பி ஒன்றும் அசிங்கமாகிவிடவில்லை, காலம்தான் ஏறத்தாழ இருநூறு வருஷம் பிந்தியது.

இப்போது முத்திரை

இவ்வளவும் பார்த்த பிறகு குப்பியைக் கவிழ்க்கலாம். செம்பு எனாமலில் சியென்லுங் முத்திரை பெரும்பாலும் வெள்ளைத் தளத்தில் நீலத்தில் நான்கெழுத்து. ஜியாசிங், தாவ்குவாங் பீங்கான் குப்பிகளில் காவிச் சிவப்பில், முத்திரைக் கட்டைபோலச் சதுரமாக முறுக்கிய எழுத்து அதிகம். எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டாம். எழுதிய கையை மட்டும் பாருங்கள். அரண்மனைப் பட்டறையில் முத்திரை எழுதுவது தனிவேலை. நான்கும் ஒரே அளவில், கட்டத்தின் நடுவில், கோடு நடுங்காமல் நிற்கும். உடம்பில் அற்புதமான ஓவியமும் அடியில் அவசரக் கிறுக்கலும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

பின்வந்தவர்கள் முந்திய சக்கரவர்த்தியின் முத்திரையை இடுவது சீனத்தில் பழைய வழக்கம். சிலர் மரியாதைக்கு, சிலர் விற்பனைக்கு, சிலர் ஏமாற்ற. ஆகவே முத்திரை ‘இதற்கு முன் செய்திருக்க முடியாது’ என்று மட்டும்தான் சாட்சி சொல்லும். அடியில் ஆங்கிலத்தில் ‘சைனா’ என்றிருந்தால் 1891க்குப் பிந்தியது என்று கொள்ளலாம். அமெரிக்கச் சுங்கச் சட்டம் நாட்டின் பெயரைக் கேட்டதால் வந்த வழக்கம் அது. ‘மேட் இன் சைனா’ இன்னும் பிந்தியது.

மூடி, தேய்மானம், தாத்தா கதை

மூடிக்காகப் பணம் கொடுக்காதீர்கள். குப்பியும் மூடியும் பிறந்த நாளிலிருந்து சேர்ந்தே இருப்பது அபூர்வம். கரண்டி தந்தமா என்று கட்டாயம் கேளுங்கள். தந்தமானால் 2008ஆம் ஆண்டின் அருகிவரும் இனங்கள் வாணிபச் சட்டம் குறுக்கே நிற்கும், எல்லை தாண்டும்போது சிக்கல். புழங்கிய குப்பியில் வாயின் உட்பக்கம் கரண்டி உரசிய தடம் இருக்கும், அடிவளையம் மழுங்கியிருக்கும். பெட்டியிலேயே தூங்கிய அரண்மனைப் பொருளில் இது இராது. எனவே தேய்மானம் இருந்தால் ஒரு மதிப்பெண், இல்லாவிட்டால் சுழியம். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். ஒரே திசையில் கோடு கோடாகத் தேய்ந்திருந்தால் உப்புத்தாளின் வேலை.

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துக் குடும்பங்களில் இப்படிப்பட்ட குப்பி இருந்தால் கூடவே ஒரு கதையும் இருக்கும்: “துரை பங்களாவைக் காலி பண்ணிப் போகும்போது தாத்தாவுக்குக் கொடுத்தது.” கதையை நம்புங்கள், எழுதியும் வையுங்கள். யார் கையிலிருந்து எந்த ஆண்டில் யாருக்கு வந்தது என்ற சங்கிலி விற்கும் நாளில் காசாகும். ஆனால் துரை அதை ஹாங்காங் சுற்றுலாக் கடையில் அந்த வருஷமே வாங்கியிருக்கலாம். கதை குப்பியின் கைமாற்றத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது.

சந்தேகம் தீராத, விலை கூடிய குப்பிக்கு எக்ஸ்கதிர் ஒளிர்வு சோதனை உண்டு. சுரண்டாமல், உடைக்காமல், எனாமலில் எந்தத் தனிமம் இருக்கிறது என்று காட்டும். குரோமியம் கண்டுபிடிக்கப்பட்டதே 1797இல். சியென்லுங் குப்பியின் பச்சையில் அது இருந்தால் வழக்கு முடிந்தது. மண்பாண்டங்களுக்குச் செய்யும் வெப்ப ஒளிர்வு சோதனைக்கு உடம்பில் துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும். இந்த அளவுப் பொருளுக்கு அது வேண்டாம், செம்புக்கும் கண்ணாடிக்கும் அது பொருந்தாது.

ரசீதில் எழுத வேண்டியது

பழம்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதாக இருந்தால் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி உரிமம் தேவையா என்று முன்கூட்டியே மரபுடைமைத் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது ரசீதில் ‘ஆண்டிக்’ என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாதீர்கள். மூன்றில் எது என்று எழுதச் சொல்லுங்கள்: ‘சியென்லுங் முத்திரை, சியென்லுங் காலம்’, ‘சியென்லுங் முத்திரை, 19ஆம் நூற்றாண்டு’, ‘சியென்லுங் பாணி’. முதலாவது லட்சங்களில், இரண்டாவது நூறுகளிலோ ஆயிரங்களிலோ, மூன்றாவது ஒரு சாப்பாட்டுச் செலவில். எந்தக் காலம் என்று எழுதித்தர மறுக்கும் கடையில், குப்பி எவ்வளவு அழகாயிருந்தாலும், மூன்றாவது விலைக்கு மேல் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்.